அரிசி வயிறு

ஆள் சேர்க்கப் போன இடத்தில் முதல் தலைவலி புருவத்தால் வந்தது. கலஹாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து படத்தில் நடிக்க வந்த பெண்களில் பாதிப் பேர் புருவத்தை நூல் வைத்து எடுத்திருந்தார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து நான்கில் கடைத்தெருவில் கியூவில் நின்ற பெண்ணுக்கு அப்படி வில் போல் புருவம் இருந்திருக்காது. கஜனி ஒவ்வொருத்தியையும் வெயிலில் நிறுத்தி முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அடர்ந்த புருவக்காரிகள் முன்னுக்கு, மற்றவர்கள் தலையில் துணி போட்டுக்கொண்டு பின்னுக்கு. காதோரம் வழித்த தலையோடு வந்த ஆண்களுக்குத் தொப்பி.

கொஞ்சம் தள்ளிக் கதிரையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்த றலியாவுக்கு இதையெல்லாம் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கண்டி நகரில் மாடிக்கடை ஒன்றில் கலியாண உடுப்புத் தைப்பவள் அவள். கல்லும் மணியும் வைத்துத் தைத்துத் தைத்து அலுத்துப் போயிருந்தவளுக்கு இந்தப் படவேலை புதுக்காற்று. தெல்தோட்டைக்குப் போகும் வழியில் மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் முற்றத்தில் ஒரு பழைய கடைத்தெருவையே எழுப்பியிருந்தார்கள். பலகையும் தகரமும் கொண்டு கூட்டுறவுக் கடை, சலூன், பேக்கரி, மண்ணெண்ணெய்க் கடை. கடைகளுக்குப் பின்பக்கம் வெறும் மரச்சட்டம்தான். ஆனால் முன்னால் நின்று பார்த்தால் யாரோ உள்ளேயிருந்து எழும்பி வருவார்கள் போலிருக்கும். தைத்த சட்டைகளைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டு, கொலரைக் கல்லில் உரசி, புதுத்துணியைப் பழசாக்குவதில் றலியாவுக்கு ஒரு வெறியே பிடித்திருந்தது.

அந்த வேலையை வாங்கித் தந்தவள் கஜனி. அவள்தான் இந்தப் படத்துக்குக் கலை இயக்குநர். யாழ்ப்பாணத்தவள். பேராதனையில் படிக்க வந்தபோது ஒரு நாடகத்துக்கு உடுப்புத் தைக்க றலியாவின் கடைப்படி ஏறினாள். அன்றிலிருந்து கூட்டு. கட்டுகஸ்தோட்டையில் றலியாவின் வீட்டுக்கு வந்தால் நேரே குசினிக்குத்தான் போவாள். றலியாவின் தாய் ஸுலைஹாவை அவளும் "உம்மா" என்றுதான் கூப்பிடுவாள். ஸுலைஹா உம்மாவும் தன் பிள்ளைகளுக்கு எடுத்து வைப்பது போல் வட்டிலப்பத்தில் ஒரு துண்டை அவளுக்கென்று எடுத்து வைப்பார்.

படத்துக்காக அந்தக் காலத்து உடுப்புகளைப் பற்றிக் கேட்க வந்தபோதும் உம்மா சலிக்காமல் சொன்னார். "கூப்பனுக்குத் தார சீத்தைத் துணி. ஒரே பூ. என்ட கவுணும் அதுதான், பக்கத்து வீட்டு யன்னல் திரையும் அதுதான். தெருவுல போனா எல்லாரும் ஒரு வீட்டு ஆக்கள் மாதிரி." கஜனி துள்ளி எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். ஒரே பூப்போட்ட சீத்தையைக் கட்டுக்கட்டாக அச்சடிப்பித்து, கூட்டத்துப் பெண்களுக்கெல்லாம் அதையே தைக்கச் சொன்னாள். கடைத்தெருவில் நிற்கும் அந்தக் கூட்டத்தைப் பார்த்த இயக்குநர், படத்துக்கு உயிர் வந்துவிட்டது என்றாராம்.

பிறகு ஒருநாள் கஜனி கடைக்கு வந்து, நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்திக்குக் கவுண் வேண்டும் என்றாள். உள்ளே கட்டிக்கொள்ள வயிறு போல ஒரு பை. பையை நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம்.

"எத்தன பை?" என்று றலியா கேட்டாள்.

"ஒரு ஏழெட்டுத் தைச்சு வை."

"ஒரு வயித்துக்கு ஏழெட்டா?"

"வெயிலுக்க வேர்த்து நனைஞ்சிடுமடி. மாத்தி மாத்திக் கட்டோணும்."

றலியா தைத்தாள். வயிறு இயல்பாகச் சரிய வேண்டும் என்பதற்காக, மகள் ஆஸிகாவைச் சுமந்த நாட்களில் தன் வயிறு எப்படி இருந்தது என்பதை நினைத்து நினைத்து வெட்டினாள். நன்றாக அமைந்தது.

அந்த வாரம் படப்பிடிப்புக்கு வரவேண்டாம், ஆண்களின் காட்சிகள்தான், கடையைக் கவனி என்று கஜனி சொல்லியிருந்தாள். றலியாவும் அதில் ஒருநாள் உம்மாவைப் பேராதனை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். பிரஷர் பார்த்து, மருந்து எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது ரமேஸ் அழைத்தான். உடுப்புப் பகுதியில் வேலை செய்யும் தெல்தோட்டைக்காரன், பிள்ளைகுட்டிக்காரன், பொறுப்பானவன்.

"அக்கா, அந்தப் பைங்கெல்லாம் கிழிஞ்சு போச்சு. கடைசி ஒன்னுதான் இருக்கு. கொஞ்சம் வந்து தைச்சுக் குடுத்துட்டுப் போறீங்களா? கஜனி மேடம் வேற எடத்துல இருக்காங்க, போன் எடுக்கல."

பை எப்படிக் கிழிந்தது என்று றலியா கேட்கவில்லை. உம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்றாள். பக்கத்தில் நின்ற உம்மா, "என்னத்துக்கு ரெண்டு ஓட்டம்? நானும் வாரனே. அந்தக் கடைத்தெருவப் பாக்கணும்னு எனக்கும் ஆசயா ஈக்கி" என்றார். அவர் அப்படி ஆசைப்பட்டு எதையும் கேட்பவரல்ல. இருவரும் ஒரு வேன் பிடித்துப் போனார்கள்.

செயற்கைக் கடைத்தெருவுக்குள் கால் வைத்ததும் ஸுலைஹா உம்மாவின் முகம் மலர்ந்தது. கூட்டுறவுக் கடையின் பலகையில் கையை வைத்துத் தடவினார். தொங்கிய தராசைப் பார்த்துச் சிரித்தார். "இந்தா, இப்பிடித்தான் ஈந்த, இப்பிடியேதான்" என்றார். அவரை நிழலில் ஒரு கதிரையில் உட்கார வைத்துவிட்டு றலியா உடுப்புக் கூடாரத்துக்குள் போனாள்.

ரமேஸ் ஒரு கூடையைக் கொண்டுவந்து வைத்தான். அவள் தைத்த பைகள். ஒவ்வொன்றிலும் நடுவில் நீளமாக ஒரு வெட்டு. கூரான கத்தி வைத்து இழுத்த வெட்டு. தையல் மடிப்புகளுக்குள் அரிசி சிக்கியிருந்தது.

"இதுல ஏன் அரிசி?"

"அதானக்கா சீனே. அந்தக் காலத்துல மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டு போகக் கூடாதுல்ல? ஒரு பொண்ணு, கல்யாணம் ஆகாத பொண்ணு, அரிசிய வயித்துல கட்டிக்கிட்டுப் புள்ளத்தாச்சி மாதிரி பஸ்ஸுல வரும். செக்கிங்ல புடிச்சு பஸ்ஸ விட்டு எறக்கி, வயித்தக் கத்தியால கிழிப்பாங்க. அரிசி கொட்டும். சனமெல்லாம் சிரிக்கும். நல்ல காமெடி அக்கா. வெட்டுற எடத்துல மட்டும் லேசாத் தைங்க, அப்பதான் ஒழுங்காக் கொட்டும்."

றலியாவின் கையிலிருந்த பை மடியில் விழுந்தது.

அந்தப் பெண் யாரென்று இப்போது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

பதினெட்டு வயதில் ஸுலைஹாவுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். அரிசி ஒரு கொத்துக்கும் வழியில்லாத காலம். மகளின் கலியாணச் சோற்றுக்காக, வயல் வைத்திருந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போய், அரிசியை மகளின் வயிற்றிலேயே கட்டி, பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்தாள் அவளது தாய். வழியில் தெருவுக்குக் குறுக்கே கம்பம். ஹால்பொல்ல என்று சிங்களத்தில் சொல்வார்கள், அரிசிக்கென்று போட்ட தடை. அங்கே அவளை இறக்கினார்கள். கவுணைத் தூக்கச் சொன்னார்கள். பையை வெட்டினார்கள். அரிசி தாரில் கொட்டியது, பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த பஸ்ஸில் மாப்பிள்ளையின் ஊர்க்காரன் ஒருவன் இருந்தான். கதை மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அதில் அரிசி இருக்கவில்லை, வயிறு மட்டும்தான் இருந்தது. கலியாணம் நின்றது. ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் கிடந்தவளை, ஊர் தெரியாத தூரத்திலிருந்து வந்த ஒருவர் கட்டிக்கொண்டார். அவருக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது.

றலியாவுக்கு மட்டும் தெரிய வந்தது, அவள் ஆஸிகாவைச் சுமந்திருந்த காலத்தில். "ஏன் உம்மா, என்ட வயித்துல நீங்க கையே வெக்கிறதில்ல?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். உம்மா அப்போதுதான் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "இது உன்னோட நிக்கட்டும்" என்றார்.

அது றலியாவோடு நிற்கவில்லை. கஜனிக்குப் பேசியிருந்த கலியாணம் மாப்பிள்ளை வீட்டாரால் முறிந்தபோது, அவள் றலியாவின் கடையில் துணி வெட்டும் மேசைக்குக் கீழே பாய் போட்டுப் படுத்துக்கொண்டு தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாள். என்ன சொல்லியும் எழும்பவில்லை. இவள் தன்னை ஏதும் செய்துகொள்வாளோ என்று பயந்து, வேறு எதுவும் கைக்கு எட்டாமல், றலியா அந்தக் கதையைச் சொன்னாள். எங்கட உம்மாவுக்கும் இப்பிடித்தான், அவ வாழாமப் போயிட்டாவா, எழும்பு. கஜனி கேட்டு அழுதாள், எழும்பினாள், சோறு தின்றாள்.

றலியா கூடாரத்தை விட்டு ஓடிவந்தாள். கதிரையில் உம்மா இல்லை.

கடைத்தெருவின் முனையில் சிவப்பு பஸ் நின்றது. அதற்கு முன்னால், பட்டையடித்த கம்பம் தெருவை மறித்துக் கிடந்தது. கூட்டத்துப் பெண்கள் ஒரே பூச்சீத்தையில் இரண்டு பக்கமும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், முந்தானையால் வாயை மூடியபடி ஸுலைஹா உம்மா நின்றுகொண்டிருந்தார்.

மிஞ்சியிருந்த ஒரே பையை வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடிகை பஸ்ஸை விட்டு இறங்கினாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, வேண்டுமென்றே வாத்து மாதிரி நடந்தாள். காக்கிச் சட்டைக்காரன் அவளைச் சுற்றி வந்தான். வயிற்றில் காதை வைத்துக் கேட்டான். கத்தியை எடுத்து இழுத்தான். றலியாவின் தையல் விட்டுக்கொடுத்தது. வெள்ளை அரிசி தெருவில் கொட்டியது. உதவி இயக்குநர் ஒலிபெருக்கியில் சிங்களத்தில் சிரிக்கச் சொன்னான். தமிழ்ப் பெண்களுக்காக ரமேஸ் பின்னால் நின்று, "சிரிங்க, சிரிங்க" என்று கையைக் காட்டினான். பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு போதாது, இன்னும் ஒருதரம் எடுக்க வேண்டும் என்றார்கள்.

"உம்மா, வாங்க போவம்."

உம்மா அசையவில்லை. இரண்டு பெண்கள் குனிந்து அரிசியைக் கூட்டி அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அள்ளி முடிந்த பிறகுதான் திரும்பினார். றலியாவை ஒருதரம் நேருக்கு நேர் பார்த்துவிட்டு, தானாகவே வேனை நோக்கி நடந்தார்.

அவரை வேனில் ஏற்றிவிட்டு றலியா திரும்பி வந்தபோது கஜனி எங்கிருந்தோ ஓடிவந்தாள். றலியாவைக் கண்டதும் அவள் கால் தயங்கியது. அந்தத் தயக்கத்திலேயே எல்லாம் இருந்தது.

"ரமேஸ் கூப்பிட்டது எனக்குத் தெரியாது" என்றாள் கஜனி.

"தெரிஞ்சிருந்தா?"

"உன்னை வரவிட்டிருக்க மாட்டன். நீ பாக்கக்கூடாது எண்டுதான்..."

"உம்மா பாத்துட்டா."

கஜனி பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டாள். பலகைத் தூண், கொஞ்சம் ஆடியது.

"றலியா, கேள். நான் எழுதிக் குடுக்கேக்க அது அழுகிற சீன். சத்தியமா. கதையில பொம்பிளையளே இல்ல, எல்லாம் ஆம்பிளையள்தான். நான்தான் இதைச் சொன்னனான். அவைதான் சிரிப்பா மாத்தினவை."

"அழுற சீனா ஈந்தா பரவாயில்லயா?"

"பேர் வேற, ஊர் வேற. படத்தில அது சிங்களப் பிள்ளை. ஆருக்கும் தெரிய வராது."

"நீ என்னக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா நீ ஓம் எண்டு சொல்லியிருக்க மாட்டாய்." கஜனி இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தவில்லை. அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது போலும். "அதாலதான் கேக்கேல்ல."

"அவங்களிட்ட யார்ட கதைன்னு சொன்ன?"

கஜனி தூணிலிருந்து கையை எடுத்தாள். "என்ர மாமிக்கு நடந்தது எண்டு."

றலியாவுக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. கஜனிக்கு அத்தை, மாமி என்று ஒருவரும் இல்லை. இருந்தவர்கள் எல்லோரும் வன்னியில் போரோடு போய்விட்டார்கள். அது தெரிந்துதான் உம்மா வட்டிலப்பத் துண்டை எடுத்து வைத்தார்.

"படம் முடியேக்க உம்மாவுக்கு நன்றி எண்டு பேர் போடச் சொல்லுறன்" என்றாள் கஜனி, அவள் கையைப் பிடிக்க வந்தபடி.

"பேரப் போட்டு ஊருக்கே காட்டு." றலியா கையை இழுத்துக்கொண்டாள்.

ரமேஸ் ஊசியும் நூலும் கூடையுமாக வந்து நின்றான். வெளிச்சம் போகிறது, இயக்குநர் கத்துகிறார் என்றான். றலியா ஊசியை வாங்கவில்லை. கூடையைப் பார்க்கவுமில்லை. "வேற யாராவது தைப்பாங்க, தம்பி" என்று மட்டும் சொன்னாள். வேன் புறப்படும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கஜனி தானே கீழே குந்தி உட்கார்ந்து பையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி வேன் இறங்கியது. பேராதனைப் பாலம் தாண்டும்போது உம்மா கேட்டார்.

"நீயா சொன்ன?"

"ஓ உம்மா."

"சிரிச்சுக்கிட்டா சொன்ன?"

"இல்ல உம்மா. அல்லாவுக்காக இல்ல. அவ சாகக் கிடந்தா. அவள எழுப்பத்தான்..."

உம்மா தலையை ஆட்டினார். விளங்கியது என்பது போலத்தான் ஆட்டினார். பிறகு மருந்துப் பையைத் திறந்து, எந்தக் குளிசை காலைக்கு, எது மாலைக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அவளச் சும்மா விடமாட்டேன்" என்றாள் றலியா.

"அவ எனக்கு யாரு? வந்த புள்ள, திண்ட புள்ள. நான் அவளிட்ட ஒண்டும் சொல்லல்லயே. உன்னிட்டத்தான் சொன்ன."

வீட்டுக்கு வந்து, தொழுது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வழக்கம் போல் வெங்காயம் நறுக்கினார். றலியா அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். ஒரு அறை விழுந்தாலும் நல்லது என்றிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு குண்டசாலையிலிருந்து மூத்த மகன், றலியாவின் நானா நஸீம் காரோடு வந்து நின்றபோதுதான் அவர் உடுப்பு அடுக்கி வைத்திருப்பதே அவளுக்குத் தெரிந்தது.

"கொஞ்ச நாளைக்கி நானாட வீட்டுல ஈந்துட்டு வார" என்றார்.

"உம்மாக்கும் இடம் மாறினா நல்லதுதானே" என்றான் நஸீம், ஒன்றும் தெரியாமல்.

அந்தக் கொஞ்ச நாள் நோன்பும் பெருநாளும் கழிந்து நீண்டது. கஜனி ஒருதரம் கடைக்கு வந்தாள். மணப்பெண் ஒருத்திக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த றலியா, அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே, "இப்ப வேல ஈக்கி" என்றாள். கஜனி வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் படியிறங்கினாள். படிகளில் அவள் செருப்புச் சத்தம் கீழே போய்ச் சேரும்வரை றலியாவால் அடுத்த அளவைச் சொல்ல முடியவில்லை. அந்தக் காலடிச் சத்தத்தை அவள் அவ்வளவு காலம் கேட்டிருந்தாள்.

ஞாயிறு தோறும் றலியா குண்டசாலைக்குப் போனாள். உம்மா அன்பாகத்தான் பேசினார். கடை எப்படி, ஆஸிகா தின்கிறாளா, கட்டாரிலிருந்து மருமகன் எப்போது வருகிறார். ஆனால் முன்பெல்லாம் றலியா உள்ளே நுழைந்ததும் கட்டிலில் தன் பக்கத்தைத் தட்டிக் காட்டி, காதோடு காதாக ஏதாவது சொல்வார். மருமகளின் மேல் ஒரு சின்னக் குறை, பழைய சிநேகிதி ஒருத்தியின் கனவு, முழங்கால் வலி. இப்போது, "என்ன உம்மா, மொகம் வாடியீக்கி?" என்றால், "ஒண்டுமில்ல புள்ள" என்பார். நஸீமுக்கும் அதே பதில், பக்கத்து வீட்டாருக்கும் அதே பதில். றலியாவும் அந்த வரிசைக்குப் போயிருந்தாள்.

படம் வருவதற்கு முன் அதன் முன்னோட்டத்தை எல்லோரும் போனில் பகிரத் தொடங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை றலியா அங்கே இருக்கும்போதே நஸீமின் மனைவி ஷிபானா போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அந்தப் படத்துக்கு மச்சி றலியாதான் உடுப்புத் தைத்தாள் என்பதில் அவளுக்குப் பெரிய பெருமை.

"மாமி, இதப் பாருங்களேன். இந்தக் கட்டம் சிரிச்சு முடியாது."

அவள் போனை உம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். றலியா எழுந்துபோய் அதைத் தட்டிவிட நினைத்தாள். தட்டினால் ஏன் என்று கேட்பார்கள். எழும்பவில்லை. போனிலிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது, முற்றத்தில் கேட்டதைவிடப் பெரிதாக, ஏதோ இசையும் சேர்ந்து.

ஸுலைஹா உம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசிவரை பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்தீக்கிறாங்க" என்றார்.

"அந்தக் காலத்துல இப்பிடியெல்லாம் செஞ்சாங்களா மாமி? நெசமாவா?"

"செஞ்சிருப்பாங்க. எனக்குத் தெரிஞ்சு ஒருத்தரும் இல்ல."

ஷிபானா சிரித்துக்கொண்டே பிள்ளைகளுக்குக் காட்டப் போனாள். அறையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். றலியா தரையில் உம்மாவின் காலடியில் உட்கார்ந்து அவர் முழங்காலில் கையை வைத்தாள்.

"உம்மா, எனக்கு மாப்பு..."

"கேக்காத" என்றார் உம்மா. குரலில் கோபமில்லை. களைப்புத்தான் இருந்தது. "நீ வாயால கேட்டா நான் மன்னிப்புக் குடுக்கணும். மார்க்கம் அப்பிடி. குடுத்துட்டு, மனசுல இல்லாட்டி அது எனக்குப் பாவம். கொஞ்சம் பொறு."

"எவ்வளவு நாளைக்கி உம்மா?"

"எனக்கென்ன தெரியும்?"

அவர் அவள் கையை முழங்காலிலிருந்து எடுத்துவிடவில்லை. அதன்மேல் தன் கையை வைக்கவுமில்லை. வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் கிடைப்பது கஷ்டமாகிவிடும், நேரத்தோடு வெளிக்கிடு என்றார். றலியா எழுந்து அபாயாவைப் போட்டுக்கொண்டாள். ஸலாம் சொன்னாள். உம்மா பதில் ஸலாம் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போகச் சொன்னார்.